பேய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(மணவாள நகரில் நடந்த ஒரு திரையிடலுக்குப் பின் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இப்ப நாம பார்த்தது ஒரு பேய்ப் படம். 'தி டெவில்ஸ் பேக்போன்'. கியெர்மோ தெல் தோரோ ஸ்பானிஷ் மொழியில் எடுத்து 2001இல் வெளிவந்த படம். முதல் தடவை பேய் வந்தப்ப பின்வரிசைப் பசங்க கத்தினாங்க, அப்புறம் சிரிச்சாங்க. கடைசியில யாரும் சிரிக்கல. ஏன் சிரிக்கலங்கறதைப் பத்தித்தான் பேசலாம்னு நினைக்கிறேன்.

கதை நடப்பது 1939இல். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். பிராங்கோவின் படை ஜெயித்துக்கொண்டிருக்கிறது. தோற்கிற பக்கத்துப் பிள்ளைகள் பொட்டல்வெளியில் ஒரு விடுதியில் கிடக்கிறார்கள். முற்றத்தில் வெடிக்காத குண்டு ஒன்று நட்டுக்குத்தலாக நிற்கிறது. நிலவறைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து சான்ட்டி என்கிற பையனின் பேய் எழுந்து வருகிறது. அவனைக் கொன்றவன் யாரு? வெளியாள் இல்லை. அதே விடுதியில் அனாதையாக வளர்ந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்த ஹசிந்தோ. பெட்டியிலுள்ள தங்கத்தைத் திருடப் பார்த்தபோது பையன் கண்ணில் பட்டுவிட்டான். கீழே தள்ளியதில் மண்டை உடைந்த பையனைக் கல்லைக் கட்டித் தொட்டியில் இறக்கிவிட்டான். விடுதியைப் பொறுத்தவரை பையன் காணாமல் போனான், அவ்வளவுதான்.

அது அனாதை விடுதி. நம்ம ஊர்ல அதுக்குப் பக்கத்துல வைக்கக்கூடிய கட்டடம் ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல சேட்டை பண்ணினா எங்க அம்மா "செங்கல்பட்டுக்கு அனுப்பிடுவேன்"னு மிரட்டும். செங்கல்பட்டுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, எங்க அம்மாவுக்கும் தெரியாது. ஆனா சேரியில பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பேர் தெரியும்.

செங்கல்பட்டில் வெள்ளைக்காரன் சீர்திருத்தப் பள்ளி தொடங்கியது 1887இல். குற்றம் செய்த பிள்ளைகளை ஜெயிலில் போடாமல் திருத்துவது என்று சொல்லித்தான் தொடங்கினான். அதே காலத்தில் வேறு என்ன செய்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். குறவர், கள்ளர் என்று சாதி சாதியாகப் பதிவு செய்தான். அந்தச் சாதிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. அதாவது, பிள்ளை திருடியிருக்க வேண்டியதில்லை. பிறந்திருந்தால் போதும். பிறப்பால் குற்றவாளி என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா? இல்லை. பிறப்பால் இழிவு என்று இங்கே ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்கள். அவன் அதற்கு ஒரு ரிஜிஸ்டர் போட்டான்.

1920இல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. 1952இல் நாடு முழுக்கக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. 1986, 2000, 2015 என்று மூன்று முறை இளைஞர் நீதிச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. கட்டடத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. சீர்திருத்தப் பள்ளி போய், கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம் என்று ஆயிற்று. இல்லம் என்றால் வீடு. நல்ல தமிழ்தான். ஆனால் பெயர் மாறினால் உள்ளே இருப்பவன் கையிலுள்ள தடி கீழே விழுந்துவிடுமா?

2022 டிசம்பர் கடைசியில் தாம்பரம் பக்கத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவனை ரயில்வே போலீஸ் பிடித்தது. பேட்டரி திருடினான் என்று குற்றச்சாட்டு. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ரெண்டு மூணு நாள்கூட ஆகவில்லை, டிசம்பர் 31 அன்று செத்துப்போனான். உடம்பெல்லாம் காயம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. 2023 ஜனவரியில் அந்த இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை வைத்து ஒருநபர்க் குழு போட்டார்கள். 'ஜெய் பீம்' படத்தில் வருகிற வக்கீல் யாரோ, அவரேதான். 2023 நவம்பரில் அவர் அரசிடம் அறிக்கை கொடுத்தார்.

அந்தப் பையன் பேரை நான் சொல்லல. சொல்லக்கூடாதுங்கறது சட்டம், 74ஆவது பிரிவு. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நல்ல சட்டம்தான். ஆனா செத்த பிள்ளைக்கு அதனால ஊர்ல ஒரு கல்லுகூட இல்லாம போயிடுது.

இங்கேதான் பேய்க்கு வர்றேன். நம்ம மக்கள் பேயை நம்புறாங்க, அது மூடநம்பிக்கைன்னு மேடையில பேசியிருக்கோம். நானும் பேசியிருக்கேன். ஆனா நம்ம சாமிகள் யாரு? மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறியவன். அநியாயமாகச் செத்தவன் சும்மா போகமாட்டான் என்ற பயம் கொன்றவனுக்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் படையல் போட்டான். கோர்ட் இல்லாத மக்களுக்குப் பேய்தான் கோர்ட். அதை நான் கேலி செய்யத் தயாராக இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். செத்தவனைச் சாமியாக்கியதும் கொன்றவன் பேர் கதையில் தேய்ந்துபோகிறது. கடைசியில் சாமிக்கு ஆடு, கொன்றவனுக்கு நிலம் என்று ஆகிவிடுகிறது.

நம்ம சினிமா இதைக் காசாக்கத் தெரிந்துகொண்டது. 2007இல் வந்த 'முனி'யைப் பாருங்கள். குடிசைப் பகுதித் தலைவன் முனியாண்டி ஏமாற்றிக் கொல்லப்படுகிறான். 2011இல் 'காஞ்சனா'. திருநங்கையின் நிலம் பறிபோகிறது, உயிரும் பறிபோகிறது. ரெண்டு பேரும் செத்த பிறகுதான் பலசாலி ஆகிறார்கள். உயிரோடு இருந்தபோது அவர்கள் கேட்ட நியாயத்துக்கு இந்தச் சினிமாவில் இடமில்லை. பேயாக வந்தால் கைதட்டு. எம்.எல்.ஏ. ஒருத்தன் செத்துவிடுவான், பேய் அடங்கிவிடும், நாமும் பாப்கார்ன் கவரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். பட்டாவும் அப்படியே இருக்கும், ஸ்டேஷனும் அப்படியே இருக்கும்.

இப்ப பார்த்த படத்துல பேய் தனியா ஜெயிக்கல. பசங்க சேர்ந்துதான் ஜெயிச்சாங்க. உயிரோடு இருக்கிற பிள்ளைகள் குச்சியைச் சீவிக்கிட்டு ஒண்ணா இறங்கி ஹசிந்தோவைத் தொட்டிக்குள் தள்ளுறாங்க. அதுக்கப்புறம்தான் பேய் அவனை இழுக்குது. நம்ம பசங்க சிரிப்பை நிறுத்தின இடம் அதுதான். தனியாள் பழிவாங்கினால் ஒரு ஹசிந்தோதான் சாவான். அந்த விடுதி இன்னொரு ஹசிந்தோவை வளர்த்துக்கொள்ளும். அடிபட்டு வளர்ந்தவன் கையிலேயே தடியைக் கொடுப்பது அந்தக் கட்டமைப்பின் தந்திரம்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு பள்ளி. புளோரிடாவில் டோசியர் பள்ளி, 1900இல் தொடங்கி 2011வரை நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் பகுதியில்தான் இடுகாடு. 31 சிலுவைகள் நட்டிருந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தால் 55 குழிகள். அதை வைத்துக் கால்சன் வைட்ஹெட் 2019இல் நாவல் எழுதினார், 2024இல் 'நிக்கல் பாய்ஸ்' என்று படமாகவும் வந்தது. ஆனால் முதலில் பேசியவர்கள் உள்ளே அடிபட்டு, உயிரோடு வெளியே வந்து கிழவர்களானவர்கள். அவர்கள் விடாமல் பேசியதால்தான் மண்ணைத் தோண்டினார்கள்.

என்னோட எட்டாவது படிச்சவன் ஒருத்தன். பழைய இரும்பு பொறுக்கிக் காயலான் கடையில போடுவான். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதுசு இல்ல. கும்மிடிப்பூண்டி உருக்காலைக்குப் போற இரும்புல பாதி இப்படிப் பொறுக்கினதுதானோன்னு தோணும். ஒருநாள் பிடிச்சிட்டுப் போனாங்க. எந்த ஸ்டேஷன், எந்த இல்லம்னு சொல்ல வேண்டாம். ஏழு மாசம் கழிச்சு வந்தான். ராத்திரி லைட்டை அணைச்சா எழுந்து உட்கார்ந்துக்குவான். பேய் பிடிச்சிருக்குன்னு அவங்க அம்மா உடுக்கை அடிக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு. "யாரு நீ, பேரைச் சொல்லு"ன்னு அவர் வேப்பிலையால அடிக்கிறார். அவன் பேரைச் சொல்லல. ஒரு நம்பரைச் சொன்னான். உள்ளே அவனைக் கூப்பிட்ட நம்பர். அந்த ஏழு மாசத்துல எங்க தெருவிலிருந்து ஒருத்தரும் அவனைப் போய்ப் பார்க்கல. நானும் போகல. இதை இன்னிக்குத்தான் வெளியில சொல்றேன்.

அதனால மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 18 வயது முடியாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இது 2015 சட்டத்தின் 10ஆவது பிரிவு. 12ஆவது பிரிவில் ஜாமீன்தான் விதி, மறுப்பது விலக்கு. மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். சின்ன வழக்கென்றால் நான்கு மாதம், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் விசாரணை முடியாவிட்டால் வழக்கே முடிந்தது. வயதுக்குப் பள்ளிச் சான்று அல்லது பிறப்புச் சான்று வேண்டும். நம்ம பிள்ளைகள் பாதிப்பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தெருவில் எத்தனை பிள்ளைக்குப் பிறப்புச் சான்று இல்லை என்று இந்த வாரமே கணக்கெடுங்கள். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. போனார்களா, என்ன பார்த்தார்கள் என்று மனுப் போட்டுக் கேளுங்கள். உள்ளே அடித்தால் 75ஆவது பிரிவில் ஊழியருக்கு ஐந்து வருஷம்வரை கடுங்காவல் உண்டு.

சட்டம் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. சட்டம் தெரிந்த பத்துப் பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் உள்ளே தூக்கின தடி கொஞ்சம் யோசிக்கும். பிள்ளையைப் பிடித்துப் போன அன்றைக்கே போய் நில்லுங்கள். பார்வை நாளில் போங்கள். சட்டையைத் தூக்கி முதுகைப் பாருங்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

செத்தபின் பேயாக வந்து அவன் நியாயம் கேட்பான் என்று நாம் காத்திருக்க வேண்டாம். அவன் உயிரோடு இருக்கும்போதே நாம் போய்க் கேட்போம்.

ஜெய் பீம்.