தளர்நடையும் நிமிர்நடையும்

மைசூர் மண்டி மொஹல்லாவைப் போன்ற பழைய பேட்டைகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு ஓராண்டு நிறைந்ததும் எழும் முதற் கேள்வி, “இன்னும் நடக்கவில்லையா?” என்பதே. சொந்த ஊராயின், “நீயும் ஒன்றேகால் வயதில்தான் நடந்தாய்” என்று மகளைத் தேற்றப் பாட்டி ஒருத்தி இருப்பாள். பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்தோர்க்கு அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையே அளவுகோல் ஆகிவிடுகிறது. அதனால் வீண் அச்சமும் உண்டு. கவனிக்க வேண்டியதைக் கவனியாது விடுதலும் உண்டு.

குழந்தையின் வளர்ச்சியை நம் முன்னோர் கூர்ந்து நோக்கினர் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் அமர்ந்து கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வருவது வருகை. கையை ஊன்றாமல் அமர்ந்து கொட்ட வேண்டுமாயின், முதுகு தன்னைத் தானே தாங்கியாக வேண்டும் அன்றோ! முதலில் தலை, பின்னர் முதுகு, அதன்பின் இடுப்பும் காலும் என, ஆற்றல் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கி வருகிறது.

இக்கால ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்கிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை நோக்கி உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. பிறர் துணையின்றித் தனியே நடக்கும் பருவம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்திருப்பதாக அது கூறுகிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்தன. ஆகவே பத்து மாதத்தில் நடந்த குழந்தை அறிவாளி என்பதும், பதினாறு மாதத்தில் நடந்தது மந்தம் என்பதும் ஆதாரமற்ற பேச்சு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, பிறக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடுதல் முறை.

உடல் விழாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இளங்குழந்தை கண்ணையே பெரிதும் நம்புகிறது. 1974இல் லீ, ஆரன்சன் என்னும் இருவர், தரை அசையாதிருக்க, சுவர்கள் மட்டும் நகரும் அறை ஒன்றில் புதிதாக நடை பயின்ற குழந்தைகளை நிறுத்தினர். சுவர் நகர்ந்ததும், தாமே சாய்வதாக எண்ணிக் குழந்தைகள் தள்ளாடின, சில விழுந்தன. ஏறத்தாழ ஏழு வயதுக்கு மேல்தான் மூன்று செய்திகளையும் பெரியவர்களைப் போல் இணைத்துக்கொள்ளும் திறன் அமைகிறது.

நடையும் அவ்வாறே படிப்படியாகத் திருந்துகிறது. முதலில் கால்களை அகற்றி, கைகளை உயர்த்தி, பாதம் முழுவதும் பதிய அடிவைக்கும் குழந்தை, இரண்டு வயதுக்குள் குதிகாலை முன்னே ஊன்றிக் கைவீசி நடக்கிறது. ஐந்தாறு வயதில் நொண்டியடித்துப் பாண்டி ஆடுகிறது. கன்னடச் சிறாரோடு கூடினால் அதனையே குண்டெபில்லெ என்கிறது!

இத்திறன் விழுந்து எழுந்து பெறுவது. நடை பயிலும் குழந்தைகள் விளையாடுகையில் மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் வைத்து, 17 முறை விழுகின்றன என 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. இடுக்கமான வாடகை வீடாயினும், பாயைச் சுருட்டி வைத்து, ஈரமில்லாத தரையில் வெறுங்காலோடு குழந்தையை விடுங்கள். உள்ளே அமர்த்தி உருட்டும் சக்கரக்கூட்டை வாங்காதீர்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படிகளில் கவிழ்ந்து காயம் விளைவிப்பதால், கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் நடைவண்டியோ, தன் உடலைத் தானே தாங்கும் குழந்தை பின்னின்று தள்ளுவது. பெரியவர் ஒருவர் உடனிருந்தால் போதும். மைசூர்ச் சாலையில் உள்ள சென்னபட்டணத்து மரப்பொம்மைகளுள் உருட்டி இழுப்பனவும் உண்டு. அவற்றுக்கு மரம் தருவது நம் வெட்பாலையே.

எனினும் சிலவற்றை அலட்சியம் செய்தல் ஆகாது. பத்து மாதமாகியும் தானாக அமராமை, ஒன்றரை வயதாகியும் நடவாமை, ஒரு பக்கத்துக் காலையோ கையையோ மட்டும் பயன்படுத்துதல், எப்போதும் முன்விரலிலேயே நடத்தல், வந்த திறன் மறைதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை நாடுக. சமநிலை உறுப்பும் கேட்கும் உறுப்பும் உட்செவியில் அடுத்தடுத்து அமைந்தவை. ஆதலால் நடை தாமதிப்பதோடு, ஒலிக்குத் திரும்பாமலும் இருக்கும் குழந்தைக்குச் செவிச் சோதனையும் செய்வித்தல் வேண்டும். மைசூர்வாசிகளுக்கு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் அருகிலேயே இருக்கிறது. மொழி தெரியவில்லையே என்று தயங்கி நாட்களைக் கடத்தாதீர்கள். கன்னடம் அறிந்த அண்டை வீட்டாரை உடனழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை விட்டு, உங்கள் குழந்தையைச் சென்ற மாதத்து அதே குழந்தையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்றுச் சுவரைப் பற்றிய கை இன்று சுவரை விட்டிருக்குமாயின், அதுவே வளர்ச்சி.