இருபத்தைந்து மீட்டர் ஓடுபாதை

ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கு நான்கு பிரிவுகள். உயரம் மாறி நிற்கும் இரண்டு கம்பிகள், பத்து சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு கட்டை, தரை விரிப்பு, கடைசியாக வால்ட். மற்ற மூன்றிலும் வீராங்கனையைக் கொஞ்ச நேரமாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். கட்டையிலும் தரையிலும் ஒன்றரை நிமிடம் வரை போகும். வால்டில் கண் இமைத்தால் போயிற்று. 25 மீட்டர் ஓட்டம், வில்பலகையில் ஓர் உதை, ஒன்றேகால் மீட்டர் உயர மேசையில் இரண்டு உள்ளங்கையும் பட்டு எழும்புதல், காற்றில் சுழற்சி, பாயில் இரண்டு கால். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

அந்தச் சில நொடிகளை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலக அரங்கில் நின்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் ஒக்சானா சுசோவிதினா. 1975 ஜூன் மாதம், அன்றைய சோவியத் ஒன்றியத்தில், உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் பிறந்தவர்.

பதின்மூன்று வயதில் சோவியத் இளையோர் சாம்பியன். அந்தக் காலத்துச் சோவியத் அணியில் இடம் பிடிப்பது உலகப் போட்டியில் பதக்கம் வெல்வதைவிடக் கடினம் என்பார்கள். 1991-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. சுசோவிதினாவுக்குப் பதினாறு வயது. அணிக்குத் தங்கம், தரைப் பயிற்சியில் தனக்கென ஒரு தங்கம், வால்டில் வெள்ளி. உடலை மடக்காமல் நீட்டியபடியே இரண்டு குட்டிக்கரணம், நடுவில் ஒரு முழுத் திருகல் என்று அவர் தரையில் செய்த வித்தை இன்றும் விதிப்புத்தகத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

சில மாதங்களில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பழைய குடியரசுகள் ஒன்றுகூடி, ஒலிம்பிக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஒருங்கிணைந்த அணியாக வந்தன. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அணித் தங்கம் சுசோவிதினா இருந்த அந்த அணிக்கே. பிறகு ஆளுக்கொரு திசை. சுசோவிதினா தாஷ்கண்டுக்குத் திரும்பினார். மையப்படுத்தப்பட்ட முகாம், மருத்துவர், நடன ஆசிரியர் என்று இருந்த ஏற்பாடுகள் அங்கே இல்லை. கருவிகள் பழையவை. அப்படியிருந்தும் அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ் என மூன்று ஒலிம்பிக்கில் உஸ்பெகிஸ்தான் சார்பில் இறங்கினார். இடையில், ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சந்தித்த மல்யுத்த வீரர் பகோதிர் குர்பனோவைத் திருமணம் செய்தார். 1999 நவம்பரில் ஒரு மகன் பிறந்தான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிட்னியில் போட்டியிட்டார் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

2002-இல் அந்தக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. உஸ்பெகிஸ்தானில் அதற்கேற்ற சிகிச்சை கிடைக்கவில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஜிம்னாஸ்டிக்ஸ் மன்றம் ஒன்று கைகொடுத்தது. குடும்பம் அங்கே போனது. மகன் மருத்துவமனையில், தாய் பயிற்சிக்கூடத்தில். பல நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். போட்டிகளில் கிடைத்த பரிசுப்பணமும் சிகிச்சைக்கே போனது. 2003-இல், கலிபோர்னியாவின் அனஹைமில், இருபத்தெட்டு வயதில் வால்டில் உலகத் தங்கம் வென்றது இந்த நிலைமையில்தான். 2006-இல் ஜெர்மன் குடியுரிமை பெற்று அந்த நாட்டுக்காக ஆட ஆரம்பித்தார்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் வால்ட் இறுதிப் போட்டியைச் சொல்லாமல் விட முடியாது. இறுதிப் போட்டியில் இரண்டு வெவ்வேறு வால்ட் செய்ய வேண்டும். இரண்டின் சராசரிதான் மதிப்பெண். சீனாவின் செங் ஃபேய் மூன்று முறை உலகச் சாம்பியன், சொந்த மண், சொந்த ரசிகர்கள். இரண்டாவது வால்டில் அவர் முழங்கால் பாயில் பட்டுவிட்டது. வட கொரியாவின் ஹோங் உன்-ஜோங் 15.650 எடுத்துத் தங்கம். சுசோவிதினா 15.575, வெள்ளி. செங் ஃபேய் 15.562, வெண்கலம். இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே நூற்றில் ஒன்றும் சொச்சமும். சுசோவிதினாவுக்கு அப்போது வயது 33; ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் என்று அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அந்தச் சமயத்தில் மகனும் நோயிலிருந்து மீண்டிருந்தான்.

உலகப் பத்திரிகைகள் எழுதிய கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. பிள்ளைக்காக ஓடிய தாய், பிள்ளை பிழைத்தான், பதக்கமும் வந்தது. உண்மைதான், ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் எனக்கு இந்தக் கதையில் ஒரு மனக்குறை உண்டு. ஒரு பெண் நீண்டகாலம் விளையாடினால் அதற்கு ஒரு தியாகத்தைக் காரணமாகக் காட்டினால்தான் நமக்கு நிம்மதி. ஆண் ஆட்டக்காரர் நாற்பது வயதில் மட்டை பிடித்தால் ஆட்டத்தின் மேல் அவருக்கு உள்ள காதல் என்கிறோம். சுசோவிதினா மகன் குணமானதற்குப் பிறகு ஆடிய ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அது சிகிச்சைக்காலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2011-இல் டோக்கியோவில் உலக வெள்ளி. 2012 லண்டனில் ஐந்தாம் இடம். இதோடு போதும் என்றார். அடுத்த ஆண்டே மனதை மாற்றிக்கொண்டு, மறுபடி உஸ்பெகிஸ்தான் அணிக்குத் திரும்பினார்.

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். கொஞ்சம் கணக்கு இருக்கிறது. நான்கு பிரிவிலும் தேர்ச்சியாக இருக்க ஒரு நாளில் பல மணி நேரப் பயிற்சி வேண்டும். இளம் உடலே அதைத் தாங்காமல் பதினெட்டு, இருபது வயதில் ஓய்வுக்குப் போகிறது. வால்டுக்கு வேண்டியது வெடித்துக் கிளம்பும் கால் வலு, துல்லியமான கை வைப்பு. பல ஆண்டுகளாக உடம்பில் ஊறிய அந்த நுட்பத்தை ஆயிரம் தடவை திரும்பச் செய்ய வேண்டியதில்லை. வயது ஏற ஏறப் பயிற்சியைக் குறைத்து, மற்றவற்றை உதறி, வால்டை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்குள் ஆட்டமே மாறிவிட்டிருந்தது. அவர் தொடங்கியபோது தாண்டியது குதிரை என்று அழைக்கப்பட்ட நீளக் கருவியை. 2001-இல் அது போய் நாக்கு வடிவ மேசை வந்தது. பத்துக்குப் பத்து என்ற பழைய மதிப்பெண் முறை 2006-இல் கைவிடப்பட்டு, கடினத்துக்குத் தனி, செய்நேர்த்திக்குத் தனி என்றாயிற்று. பழையதில் பழகிய கை புதியதற்கும் பழகியது.

2016 ரியோ. இந்திய நேயர்களில் பலர் அன்று இரவு கண்விழித்தது திரிபுராவின் தீபா கர்மாகருக்காக. அவர் செய்தது ப்ரோதுனோவா. ரஷ்யாவின் எலேனா ப்ரோதுனோவா பெயரில் வழங்கும் வால்ட். மேசையில் கை ஊன்றியபின் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். தரை எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் கால் தரைக்கு வந்துவிடும். கொஞ்சம் பிசகினால் கழுத்துக்கே ஆபத்து. அந்நாளில் அதன் கடின மதிப்பு 7.0, எல்லா வால்டிலும் உச்சம். அந்த இறுதிப் போட்டியில் அதைச் செய்த இன்னொருவர், 41 வயது சுசோவிதினா. இறங்கிய வேகத்தில் நிலைகொள்ள முடியாமல் உருண்டுவிட்டார், ஏழாம் இடம். தீபா 15.066 எடுத்து நான்காவது, வெண்கலம் 0.150 தூரத்தில் தவறியது. நம் வீட்டுத் துக்கத்தில் பலர் மற்றவரைக் கவனிக்கவில்லை. ஒருவருக்கு 23 வயது, அடுத்தவருக்கு 41. இருவரும் ஒரே ஆபத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸ் பிறந்தது 1997-இல், அதாவது சுசோவிதினா தன் இரண்டாவது ஒலிம்பிக்கை முடித்த பிறகு.

கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அவருடைய எட்டாவது. வயது 46. அரங்கில் பார்வையாளர் இல்லை. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. மதிப்பெண் வந்ததும் அங்கிருந்த பயிற்சியாளர்கள், தொண்டர்கள், மற்ற வீராங்கனைகள் எழுந்து நின்று கைதட்ட, அவர் அழுதபடி கையசைத்தார். விடைபெறுகிறார் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது.

விடைபெறவில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வால்ட் இறுதிக்கு வந்து 48 வயதில் நான்காம் இடம் பிடித்தார். அதே இறுதியில் நம் பிரணதி நாயக்கும் இருந்தார். அவருக்கு எட்டாம் இடம். 2024-இல் பாரிஸுக்கான தகுதிக்கு ஆசியச் சாம்பியன் போட்டிதான் கடைசி வாய்ப்பு. அது தாஷ்கண்டில், அவர் ஊரிலேயே நடந்தது. அங்கே காயம்பட்டு விலக நேர்ந்ததால் ஒன்பதாவது ஒலிம்பிக் கைநழுவியது.

2025-இல் அவருக்கு ஐம்பது வயது. அந்த ஆண்டும் உலகக் கோப்பைப் போட்டிகளில் வால்டில் இறங்கினார். அடுத்த ஒலிம்பிக் 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில். அப்போது வயது 53 ஆகியிருக்கும். போவாரா, மாட்டாரா என்று நான் ஆரூடம் சொல்வதாக இல்லை. 2012-இல் அவர் முடித்துவிட்டார் என்று சொன்னவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள், அவர் உட்பட.