மாநாட்டை எங்கே வைப்பது?

(வில்லாபுரத்தில் நமது அறக்கட்டளை கூட்டிய சிறுதொழில் செய்வோர் ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இன்று நம் முன்னால் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். தென்மாவட்டங்களில் சிறுதொழில் செய்யும் நம் மக்களைக் கூட்டி இரண்டு நாள் தொழில் மாநாடு நடத்துவது என்று போன மஷ்வராவில் முடிவானது. அதை எங்கே வைப்பது? இளைஞர்கள், "தலைநகரில் வைத்தால்தான் மதிப்பு, சென்னையில் வைப்போம்" என்கிறார்கள். பெரியவர்கள் சிலர், "மதுரை இருக்கும்போது சென்னை எதற்கு?" என்கிறார்கள். என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் எனக்கு விஷயம் அதிகம் தெரியும் என்பதல்ல. இரண்டு பக்கமும் அடிபட்டவன் நான்.

முதலில் சென்னைக்கு உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாடு அரசு உலக முதலீட்டாளர் மாநாட்டை மூன்று முறை நடத்தியிருக்கிறது. 2015 செப்டம்பர், 2019 ஜனவரி, 2024 ஜனவரி. மூன்றும் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில்தான் நடந்தன. 2024இல் மட்டும் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்தார்கள். அதை ஏன் அங்கே வைத்தார்கள்? வெளிநாட்டிலிருந்து வருகிறவர் விமானத்தை விட்டு இறங்கினால் சிறிது நேரத்தில் அரங்கத்தில் இருப்பார். தலைமைச் செயலகம், துறைச் செயலாளர்கள், டிட்கோ, சிப்காட், வங்கிகளின் மாநிலத் தலைமை அலுவலகங்கள், வெளிநாட்டுத் துணைத் தூதரகங்கள் எல்லாம் அந்த ஊரிலேயே இருக்கின்றன. துறைமுகமும் அங்கேயே. கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஆளும், கையெழுத்து வாங்க வந்த ஆளும் ஒரே ஊரில் இருப்பதுதான் தலைநகரின் பலம்.

நம் சமுதாயத்தின் பார்வையிலும் ஓர் உதாரணம் உண்டு. உலக இஸ்லாமியப் பொருளாதார மன்றம் என்ற மாநாடு 2005இல் கோலாலம்பூரில் தொடங்கியது. பிறகு முஸ்லிம் நாடுகளிலேயே சுற்றிச் சுற்றி நடந்தது. 2013 அக்டோபரில் முதல்முறையாக முஸ்லிம் நாடல்லாத ஒரு நாட்டின் தலைநகருக்குப் போனது. அது லண்டன். உலகத்தின் பெரிய வங்கிகளும் பங்குச் சந்தையும் அங்கே இருக்கின்றன. அந்த மேடையில்தான் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன், வட்டியில்லா முறையிலான சுகூக் பத்திரத்தைத் தம் அரசே வெளியிடும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே 20 கோடி பவுண்டுக்கு வெளியிட்டார்கள். அங்கே முடிவெடுக்க வேண்டியவர் அந்த ஊரில் இருந்தார். அவர் வீட்டு வாசலுக்கே மாநாடு போனதால் காரியம் நடந்தது.

ஆனால் அதே மன்றம், லண்டனுக்கு முந்தைய ஆண்டு மலேசியாவில் கூடியபோது தலைநகரில் கூடவில்லை, ஜொகூர் பாருவில் கூடியது. அதற்கு அங்கே ஒரு காரணம் இருந்திருக்கும். ஆக, தலைநகர் என்ற பட்டத்துக்காக யாரும் மாநாடு வைப்பதில்லை. அங்கே யார் இருக்கிறார் என்பதற்காக வைக்கிறார்கள்.

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் தொழில் தோல். இந்திய சர்வதேசத் தோல் கண்காட்சியை நடத்துவது இந்திய வர்த்தக மேம்பாட்டு அமைப்பு. அதன் தலைமையகம் டெல்லி பிரகதி மைதானத்தில் இருக்கிறது. சொந்த மைதானமே நாட்டின் தலைநகரில் இருக்க, இந்தக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவந்து நடத்துகிறார்கள். காரணம், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இங்கேதான் இருக்கின்றன. தோல் ஏற்றுமதிக் கழகத்தின் தலைமையகமும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் சென்னையில் இருக்கின்றன. சரக்கும் சரக்கு தெரிந்தவனும் இருக்கும் இடத்துக்குக் கண்காட்சி வந்தது.

கோயம்புத்தூரைப் பாருங்கள். அது தலைநகரமில்லை. ஆனால் அந்த ஊர்ச் சிறுதொழில் செய்வோர் சங்கமான கொடிசியா, தானே ஒரு வளாகம் கட்டி, இயந்திரக் கண்காட்சியை அங்கேயே நடத்துகிறது. பம்ப், மோட்டார், லேத் பட்டறை எல்லாம் அந்த ஊரில் இருப்பதால் வெளியூர்க்காரர் அங்கே தேடி வருகிறார். 2010 செம்மொழி மாநாடு நடந்ததும் அந்த வளாகத்தில்தான். அரசும் இதை உணர்ந்துதான் 2025இல் முதலீட்டாளர் மாநாடுகளைத் தூத்துக்குடி, ஓசூர், கோவை, நம் மதுரை என்று மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் நைட்டி, உள்பாவாடை தைத்து விற்கிறவன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஆயத்த ஆடை வியாபாரிகள் கூட்டம் ஒன்று நடந்தது. கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டினேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கினேன். இரண்டு நாள் தங்கல், சாப்பாடு, ஆட்டோ. அந்த இரண்டு நாளும் இங்கே மிஷின் ஓடவில்லை.

இரண்டாம் நாள் பெங்களூர்க்காரர் ஒருவர் என் சாம்பிளை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. "துவைத்தால் எவ்வளவு சுருங்கும்? ஒரு பீஸுக்கு எத்தனை மீட்டர் பிடிக்கும்? வாரம் 500 பீஸ் கொடுக்க எத்தனை தையல் ஆள் வேண்டும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் தெரியவில்லை. துணி எடுப்பதும் கடைகளுக்குப் போடுவதும் வசூலும் என் வேலை. வெட்டுவது, அளவு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தைக்கக் கொடுத்து வாங்குவது எல்லாம் என் துணைவியார் பார்ப்பது. "அதெல்லாம் வீட்டில் பார்ப்பாங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். நான் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த ஆர்டர் போனது போனதுதான்.

ஊருக்கு வந்து சொன்னேன். என் துணைவியார் கோபிக்கவில்லை. "இரண்டு நாள் பிள்ளைகளை யாரிடம் விட்டுட்டு வர? அதையே மதுரையில் வைத்திருந்தால் காலையில் சமைத்து வைத்துவிட்டு வந்திருப்பேன். மகரிபுக்குள் வீட்டுக்கும் வந்திருப்பேன்" என்றார்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. இந்த வில்லாபுரத்தில் எத்தனை வீட்டில் தொழிலின் பாதி அறிவு பெண்களிடம் இருக்கிறது! மாநாட்டை 490 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அந்த அறிவு கூட்டத்துக்கு வராது. வீட்டிலேயே தங்கிவிடும். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

அதற்காக, மதுரையில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். இங்கே நடந்த ஒரு கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். வந்தது எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள். சால்வை போட்டார்கள், பிரியாணி நன்றாக இருந்தது, போட்டோ எடுத்தோம். வங்கியிலிருந்து ஒருவர் வரவில்லை. வாங்குகிற மொத்த வியாபாரி ஒருவரும் வரவில்லை. பக்கத்தில் இருந்ததால் எல்லோரும் வந்தோம். பயன் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பினோம்.

ஆகவே, இடத்தை முடிவு செய்யும் முன் நான்கு கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: இந்த மாநாட்டில் யார் இல்லாவிட்டால் காரியம் நடக்காது? பெயர் பெயராக எழுதுவோம். அதில் பெரும்பாலோர் மதுரை, மேலூர், திருமங்கலம், விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள் என்றால், அவர்களை இரவு ரயிலில் ஏற்றுவதைவிட, வெளியிலிருந்து வர வேண்டிய பத்துப் பேரை இங்கே வரவழைப்பது சுலபம். வைகை எக்ஸ்பிரஸ் 1977 முதல் ஓடுகிறது. தேஜஸ் இருக்கிறது. விமான நிலையம் நம் வில்லாபுரத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்தும் நேராக வந்து இறங்கலாம். வளைகுடாவில் தொழில் செய்யும் நம் சகோதரர்களுக்கு மதுரை தூரமில்லை.

இரண்டாவது: நாம் தேடும் அலுவலகம் எங்கே இருக்கிறது? பலர் கடனுக்கும் மானியத்துக்கும் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்துக்கு மதுரையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தைத்தான் அணுக வேண்டும். சிறுபான்மையினருக்குக் கடன் தரும் டாம்கோவின் தலைமையகம் சென்னையில் இருந்தாலும், விண்ணப்பம் மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகம் வழியாகவும் கூட்டுறவு வங்கிகள் வழியாகவும் போகிறது. நம் மக்களுக்கு இன்று வேண்டிய அதிகாரிகளில் பெரும்பாலோர் நம் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியே இருக்கிறார்கள்.

மூன்றாவது: செலவு. நம் கையில் இருப்பது சந்தாப் பணம், அது அமானிதம். சென்னை என்றால் ஓர் ஆளுக்குப் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்று வையுங்கள். 200 பேருக்கு 8 லட்சம் ஆகிறது. மதுரையில் வெளியிலிருந்து 20 விருந்தினரை வரவழைத்து, ஆளுக்கு 10,000 செலவழித்தாலும் 2 லட்சம்தான். மிச்சப் பணத்தில் எத்தனை சகோதரிகளுக்கு ஓவர்லாக் மிஷின் வாங்கிக் கொடுக்கலாம்! கணக்கை உங்கள் விலையில் நீங்களே போட்டுப் பாருங்கள். இடத்துக்கும் குறையில்லை. 1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய ஊர் இது. தமுக்கத்தில் மாநகராட்சியின் மாநாட்டு மையம் 2022இல் திறக்கப்பட்டுவிட்டது.

நான்காவது: தேதி. இடத்தையும் தேதியையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. மூன்று முதலீட்டாளர் மாநாடுகளும் செப்டம்பரிலோ ஜனவரியிலோ நடந்ததைக் கவனியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் பெருமழைக் காலம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் விமான நிலையமே மூடிக் கிடந்தது. மதுரையில் சித்திரைத் திருவிழா சமயத்தில் அறை கிடைக்காது. நம் ரமழானும் ஹஜ்ஜுடைய காலமும் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வருகின்றன. போன ஆண்டுத் தேதியை அப்படியே இந்த ஆண்டும் வைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து சனி, ஞாயிறு வைத்தால் ஜும்ஆவும் தடைபடாது. பெண்கள் தொழுவதற்குத் தனி இடமும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் உள்ள அரங்கமாகப் பார்க்க வேண்டும். மேடை அலங்காரத்தைவிட இவை முக்கியம்.

என் கருத்து இதுதான். மாநாடு மதுரையில் நடக்கட்டும். ஆனால் வங்கி மேலாளர், மாவட்டத் தொழில் மைய அதிகாரி, குறைந்தது 10 மொத்த வியாபாரிகள் ஆகியோரிடம் வருகிறோம் என்ற உறுதியை எழுத்தில் வாங்கிய பிறகுதான் அரங்கத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். அந்த உறுதி கிடைக்காவிட்டால் தேதியைத் தள்ளி வைப்போம். வெறும் போட்டோவுக்காகக் கூட வேண்டாம்.

இளைஞர்கள் வருத்தப்பட வேண்டாம். சென்னையை விட்டுவிடச் சொல்லவில்லை. மாநாட்டில் சென்னையில்தான் முடியும் என்று தெரிகிற காரியங்கள் சில நிச்சயம் வரும். ஏற்றுமதி விஷயம், துறைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டிய கோரிக்கை, பெரிய வர்த்தகக் கண்காட்சி. அவற்றுக்கு ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவோம். எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவில் ஆலந்தூர், அங்கிருந்து ஆட்டோவில் நந்தம்பாக்கம். ஒரே நிபந்தனை, அந்த ஐந்தாறு பேரில் சரக்கைத் தன் கையால் செய்கிறவர் இருக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து தொழில் செய்தால் இருவரும் போகட்டும், பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திரும்பி வந்ததும் யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், அடுத்து என்ன என்பதை இதே இடத்தில் நம் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நம் பணத்தில் போனவர்கள் நமக்குக் கணக்குச் சொல்வது கடமை.

அந்தப் பெங்களூர் வியாபாரி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தெரிந்தவர் வில்லாபுரத்தில் இருந்தார். நம் மாநாட்டில் அப்படி ஒரு நிலை யாருக்கும் வரக் கூடாது.

இப்போது சகோதரிகள் பக்கமிருந்தும் கருத்துகள் எழுதித் தாருங்கள். எந்த நாள் வசதி, எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், யாரைச் சந்திக்க விரும்புகிறீர்கள் என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். அதை வைத்தே இறுதி முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் தொழிலிலும் முயற்சியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.