தரங்கம்பாடி சொல்லும் வரலாறு
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நம் பங்கின் பெருமையைப் பேசாமல், பிரிந்துபோன சகோதரர்களின் கதையைச் சொல்ல வந்துவிட்டாரே சாமியார் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.

நம் குத்தாலத்தில் பஸ் ஏறி மயிலாடுதுறை, செம்பொன்னார்கோவில் வழியாகப் போனால் தரங்கம்பாடி. 1620-ஆம் ஆண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் நாட்டாரோடு உடன்படிக்கை செய்து, அங்கே கோட்டை கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். மாசிலாமணிநாதர் கோயில் அங்கே அதற்கு முன்பே இருந்தது. முகமதியருக்குப் பள்ளிவாசல், டேனியருக்கு 1701-இல் சீயோன் கோயில், நம்மவருக்கும் ஒரு கோயில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1683-ஆம் ஆண்டு டென்மார்க் சட்டப்படி, கத்தோலிக்கத் துறவியோ சேசு சபையாரோ அந்த நாட்டில் காணப்பட்டால் தண்டனை மரணம். அதே மன்னரின் கொடி பறந்த தரங்கம்பாடியிலோ நம் மக்கள் பூசை கண்டார்கள்! டேனியரின் தாராள மனம் என்று நான் சொல்லமாட்டேன். ஊராரை விரட்டிவிட்டால் கடையை யாரை வைத்து நடத்துவது? வியாபாரத்திற்காகக் கொடுக்கும் சலுகை வேறு, மனச்சாட்சிக்கு உரிய உரிமை வேறு. சலுகையைக் கொடுத்தவன் நினைத்தால் திருப்பி எடுத்துக்கொள்வான்.

அந்த உரிமை என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது? லுத்தர் 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னிலையில், மனச்சாட்சிக்கு விரோதமாக நடக்கமாட்டேன் என்று நின்றார். பதிதத்தை வாளால் வெட்ட முடியாது என்று 1523-இல் எழுதியவரும் அவரே. ஆனால் 1530-களில், தம்மிலும் வேறுபட்ட அனபாப்திஸ்தரை அரசு கொல்லலாம் என்பதற்கு அவரே சம்மதம் கொடுத்தார். தனக்குக் கேட்ட சுதந்திரத்தைப் பிறனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

1553-இல் நடந்ததைக் கேளுங்கள். மிக்கேல் செர்வெத்துஸ் என்ற ஸ்பானிய வைத்தியர் திரித்துவத்தை மறுத்து நூல் எழுதினார். முதலில் அவரைப் பிடித்தவர்கள் நம்மவர்கள்தாம், பிரான்சு நாட்டு வியென் நகரில். அவர் தப்பி ஓடவே, அவருடைய உருவத்தைச் செய்து எரித்தார்கள். ஓடியவர் போய்ச் சேர்ந்த இடம் கால்வீனின் ஜெனீவா. அங்கே அக்டோபர் 27-ஆம் நாள் உருவத்தை அல்ல, ஆளையே எரித்தார்கள். கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டுகளும் அந்த நாளில் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

அதைப் பொறுக்காமல் எழுந்தவர் செபஸ்தியான் கஸ்தெல்லியோ. பாசல் நகரில் ஏழை ஆசிரியர். ஒரு மனிதனைக் கொல்வதால் எந்தப் போதனையும் காப்பாற்றப்படுவதில்லை என்று வாதாடினார். கால்வீனுக்கு எதிராக அவர் எழுதிய நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை, 1612-இல்தான் வெளிவந்தது. அவருக்குப் பின் ரோஜர் வில்லியம்ஸ். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பிராட்டஸ்டண்டுகளே அவரைத் துரத்த, 1636-இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். யூதர், துருக்கர், நம்மைப் போன்ற பாப்பரசர் கட்சியார், எல்லாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் வேண்டும் என்று 1644-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். பாராளுமன்றம் அதை எரிக்கச் சொன்னது. பெரிய பெயர் பெற்ற ஜான் லாக்கோ, 1689-இல் சகிப்பைப் பற்றி எழுதியபோது நாத்திகரை விலக்கினார். அந்நிய அதிபதிக்குக் கீழ்ப்படிகிறவர்கள் என்ற கணக்கில் நம்மையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவரைவிட வில்லியம்ஸ் பெரியவர் என்பது என் எண்ணம்.

இனி நம் சீமைக்கு வருவோம். 1706 ஜூலை 9-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் தலையிட்டதால், அவருடைய மதத்தைச் சேர்ந்த டேனிய அதிகாரியே 1708-இல் அவரைச் சிறையில் போட்டார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். நம் நாட்டார் சமயத்தைச் சிலை வணக்கம் என்று கண்டித்தவர்தாம். ஆனாலும் அதைப் பற்றித் தமிழர்களையே கேட்டு, அவர்கள் கடிதமாக எழுதிய பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அந்தப் பதில்களில் கிறிஸ்தவர்கள் குடிப்பதையும், சுத்தமில்லாமல் திரிவதையும் நம்மூர்க்காரர்கள் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார்கள்! தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதிய பெரிய நூலை ஜெர்மனிப் பெரியவர்கள் அச்சிட மறுத்தார்கள். அது 1867-இல் சென்னையில்தான் வெளிவந்தது.

தரங்கம்பாடி அச்சகத்தில் 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் வெளிவந்தன. அந்தப் புத்தகம் தஞ்சைப் படையில் பணிசெய்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் கையில் கிடைத்தது. படித்தார், யோசித்தார், லுத்தரன் சபையில் சேர்ந்தார். வாளுக்குப் பயந்தும் போகவில்லை, அரிசிக்கு ஆசைப்பட்டும் போகவில்லை. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அவரையும் அவர் குடும்பத்தையும் தாக்கினார்கள். வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல் என்று நூல்கள் எழுதிப் பதிலளித்தார். அது நியாயம், எழுத்துக்கு எழுத்து. கம்புக்கு என்ன நியாயம்?

தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரைச் சரபோஜி மன்னர் தந்தையாகவே மதித்தார். ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தும் அவர் கிறிஸ்தவராகவில்லை. பிற்காலத்தில் காசி யாத்திரையும் போய்வந்தார். இருவருக்கும் அன்பு குறையவில்லை. 1798-இல் இறந்த ஐயருக்கு மன்னர் இங்கிலாந்தில் செய்வித்த சலவைக்கல் சிற்பத்தில், படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். தஞ்சைக்குப் போகிறவர்கள் பார்த்து வாருங்கள்.

நம் திருச்சபை இதற்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 1965 டிசம்பர் 7-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமய விஷயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது, அது மனிதனின் மாண்புக்கே உரிய உரிமை என்று அறிவித்தது. ஆதரவு வாக்கு 2,308, எதிர் வாக்கு 70. நம் நாட்டு அரசியல் சட்டம் 25-ஆம் பிரிவில் மனச்சாட்சியின் சுதந்திரத்தை அதற்கு முன்பே, 1950-லேயே எழுதிவைத்துவிட்டது. பிற மதத்தார் நம்மை நெருக்கும்போது அந்தப் பிரிவைத் தேடி எடுக்கிறோம். எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் நம்மை விட்டுப் போகிறவனுக்கு அந்தப் பிரிவு பொருந்தாதா? நம் பங்கிலிருந்து ஜெபக்கூட்டங்களுக்குப் போய்விட்ட குடும்பங்கள் சில உண்டு. மணம் முடித்துக் கணவர் சமயத்தை ஏற்ற பெண்களும் உண்டு. அவர்கள் போனதில் எனக்கு வருத்தமே. நற்கருணையை விட்டுப் போவது சிறு இழப்பல்ல. அதை அவர்கள் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தகப்பன் சாவுக்கு வந்த மகளை வாசலில் நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டபோது அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேதத்தைக் காக்கிறோம் என்று சொன்னார்களாம். ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தி எந்த வேதத்தைக் காத்தார்கள்?

யூபிலி அன்பு விருந்துக்கு அந்த வீடுகளுக்கும் அழைப்பு எழுதியிருக்கிறேன். திரும்பி வரச்சொல்லி அதில் ஒரு வரியும் இல்லை. உபதேசியார் நாளை காலை எடுத்துச் செல்கிறார். அந்தந்தத் தெருவில் இருப்பவர்கள் யாராவது கூடப் போனால் நல்லது. குறிப்பாக, இரண்டு வருடமாக அந்த வீட்டுப் படி ஏறாதவர்கள்.