கல் சுமந்த பிள்ளைகள்

ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ என்று ஒரு நாடு. அங்கே காண்டோ என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை பிரான்சிஸ் கெரே பெர்லினில் கட்டடக்கலை படித்தார். சொந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்ட, கூடப் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பணம் திரட்டினார்.

பணம் வெளியிலிருந்து வந்தது. கட்டியது ஊர்தான். ஆமாம், ஊர்தான். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கி வந்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். ஊர் மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து சுவருக்குக் கல் அறுத்தார்கள். மண் சுவர் மழைக்குத் தாங்குமா என்று முதலில் தயக்கம். தாங்கியது!

தகரக் கூரையைத் தூக்கி வைத்து, அடியில் காற்று போக வழிவிட்டார்கள். கொதிக்கும் வெயிலிலும் வகுப்பறைக்குள் வெக்கை தங்கவில்லை.

2001-ல் பள்ளி எழுந்தது. அந்த ஊர் பிறகு ஆசிரியர்களுக்கு வீடும் கட்டிக் கொடுத்தது.