பத்து பேருக்குப் பொறி கொடுத்தா ஊர்ப் பூச்சி போகுமா?

(கத்தரி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

 

ஒட்டன்சத்திரம் சந்தையில கத்தரி மூட்டையைப் பிரிச்சா வியாபாரி முதல்ல தேடுறது சொத்தையைத்தான். நாலு ஓட்டைக் காய் கண்ணுல பட்டா மூட்டைக்கே விலை இறங்கிடும். இதுக்குப் பயந்து மாத்தி மாத்தி மருந்து அடிக்கிறோம். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்துல குருத்துக்குள்ளேயோ காய்க்குள்ளேயோ புகுந்துடுது. அப்புறம் வெளியே அடிக்கிற மருந்து அதை என்ன செய்யும்? புழுவைக் கொல்லுற குளவிதான் சாகுது. இந்தப் புழுவைக் காட்டித்தான் பி.டி. கத்தரியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. புழுவை யாரும் நிறுத்தலை.

இனக்கவர்ச்சிப் பொறி நமக்குத் தெரிந்ததுதான். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செயற்கையாகச் செய்து லூரில் ஏற்றியிருப்பார்கள். ஆண் பூச்சி பொண்டாட்டியைத் தேடி வந்து மாட்டிக்கும். ஏக்கருக்கு 5 பொறி வெச்சா பூச்சி வந்துடுச்சான்னு தெரியும், அவ்வளவுதான். பிடிச்சுக் குறைக்கணும்னா 10 மீட்டருக்கு ஒண்ணு, ஏக்கருக்கு 40 வேணும். மாசத்துக்கு ஒருமுறை லூரை மாத்தணும்.

முக்கியமான விஷயம், பெண் பூச்சி இதுக்கு வராது. பக்கத்துத் தோட்டத்துல சினையான பூச்சி பறந்து வந்து நம்ம செடியில முட்டை வெச்சுட்டுப் போகும். அமெரிக்காவில் ஆப்பிள்காரர்களுக்கும் இதே கதைதான். 1995-இல் பக்கத்துப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தத் தோப்பிலும் இந்த வாசனையைப் பரப்பி ஆண் பூச்சியைத் திசைதிருப்பினார்கள். மருந்துச் செலவு குறைந்தது.

நம்ம ஊருக்கும் மானியத்துல பொறி வந்தது. பட்டியல்ல பேர் இருந்தவங்களுக்கு மட்டும்! மறுமாசம் மாத்த லூர் இல்லை. வெறும் பொறி காத்துல ஆடிக்கிட்டு நின்னுச்சு.

நம்ம தப்பும் இருக்கு. பிடுங்கின கத்தரிமாரை அடுப்புக்குன்னு வரப்போரம் குவிச்சு வைக்கிறோம். அதுல இருந்துதான் அடுத்த பூச்சி கிளம்புது. வாடித் தொங்குற குருத்தைக் கிள்ளி எரிக்கணும். இதையும் சேர்ந்தே செய்யணும்.

ஊர் முழுக்க, கத்தரி வெச்ச எல்லாருக்கும் பொறி கொடு! நாத்து நடும்போதே கொடு! பயிர் முடியுற வரைக்கும் லூர் கொடு! இதைக் கேட்கத்தான் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போகிறோம். ஆளுக்கொரு பை சொத்தைக் காயோடு வாங்க. மேசை மேல கொட்டிட்டு அப்புறம் பேசுவோம்.