கல்லூரியில் ஒரு சங்கம் தொடங்கினோம்

(ரம்புக்கனையில் நடைபெற்ற இளைஞர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மண்டபத்தில் நான் முதன்முதல் ஏறி நின்றது எட்டு வயதில், சரஸ்வதி பூசையன்று தேவாரம் பாடுவதற்கு. இரண்டாவது அடி மறந்துபோய் அழுதுகொண்டே இறங்கினேன். ஆகையால் இன்று முழுவதையும் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜெபத்துக்கு எழுந்து நின்று, மாலையில் திருநீறு பூசிக்கொண்டு இங்கே பஜனைக்கு உட்கார்ந்து வளர்ந்தவன் நான். இரண்டினாலும் எனக்கு நன்மையே விளைந்தது.

"கல்லூரி வாழ்க்கை" என்ற பொருளிற் பேசும்படி காரியதரிசி அண்ணன் கேட்டுக்கொண்டார். அது பெரிய பொருள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு நாங்கள் சிலர் சேர்ந்து கல்லூரியில் ஒரு மாணவர் சங்கம் தொடங்கினோம். அந்தக் கதையையும், அதிலே நேர்ந்த ஒரு தவறையும் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் தமிழ் மாணவருக்குச் சங்கங்கள் இல்லாமலில்லை. நாடகம் உண்டு, நாவன்மைப் போட்டி உண்டு, ஆண்டு மலர் உண்டு. ஆயினும் தோட்டப் பகுதிகளிலிருந்து வந்த நாங்கள் விடுதி முற்றத்திற் கூடினால் பேச்சு வேறாக இருக்கும். தம்பி சாதாரண தரத்திற் கணிதத்தில் தவறிவிட்டான், கொழும்பிலே கடைக்குப் போய்விட்டான் என்பான் ஒருவன். தங்கைக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசை, தமிழிற் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை என்பாள் இன்னொருத்தி. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் நாம் அங்கொரு லயம் இங்கொரு லயமாகச் சிதறிக் கிடக்கிறோம். நுவரெலியாவில் உள்ளவர்களைப் போல நாம் ஓரிடத்தில் திரண்டிருக்கவில்லை. இதற்கு நாமே ஏதாவது செய்யக் கூடாதா என்று ஒருநாள் எழுந்த பேச்சுத்தான் சங்கத்துக்கு வித்து.

முதற் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தோம். இரண்டு மணி நேரம் பேசினோம். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? யார் தலைவர், யார் செயலாளர், பெயரில் "மலையகம்" என்ற சொல் வர வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றி. யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவனும் மட்டக்களப்பு நண்பன் ஒருவனும் தாங்களும் சேர்வதாகச் சொன்னார்கள். அவர்களைச் சேர்க்கலாமா என்று வாதாட இன்னொரு கூட்டம் வைத்தோம்! அலுவலகத்திலோ கையெழுத்து வேண்டும், யாப்பு வேண்டும், பொறுப்பாசிரியர் வேண்டும் என்றார்கள். யாப்பு எழுதியே மூன்று மாதம் போயிற்று. பதினொரு பேர் ஏழு பேரானோம்.

அப்பொழுதுதான் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், "நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, 1924ஐப் படித்துப் பாருங்கள்" என்று நூலகத்துக்கு அனுப்பி வைத்தார்.

1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்றொரு சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஹண்டி பேரின்பநாயகம். 1899இற் பிறந்த அவருக்கு அன்று வயது இருபத்தைந்து. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியிற் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர் பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார் என்பதையும் இச்சபையிற் சொல்வது பொருத்தம். மாணவர் காங்கிரஸ் பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவர்களது முயற்சியாலேதான்.

இளைஞர்கள் கூடினால் ஆவேசமும் கூடும். 1931இல் சர்வஜன வாக்குரிமையுடன் அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, பூரண சுயராச்சியம் கிடைக்கவில்லை என்று அதைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். வடக்கில் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அது தவறு என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்காரன் இல்லாத பந்தியில் அவனுக்காக யார் இலை போடுவார்கள்?

ஆனால் அவர்களிடம் இரண்டு காரியங்கள் எனக்கு மிகவும் பிடித்தன. ஒன்று, தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னார்கள். நம் பிள்ளைகள் ரம்புக்கனைக் கடைத்தெருவிலே சிங்களம் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தால் வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிறோம். மற்றொன்று, தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானத்தோடு விட்டுவிடவில்லை. சம ஆசனம், சமபந்தி போசனம் என்று நடைமுறையிலும் வற்புறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் உட்காருவதற்குக் கூடப் பெரும் எதிர்ப்பு இருந்த காலம் அது. படித்த பெரிய மனிதர்களே எதிர்த்தார்கள்.

"அது யாழ்ப்பாணத்துக் கதை" என்று சிலர் நினைக்கலாம். 1960களில் நம் மலைநாட்டிலும் இப்படி ஓர் எழுச்சி உண்டாயிற்று. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி ஆசிரியராக இருந்த இர. சிவலிங்கம் அவர்களைச் சுற்றி வாலிபர்கள் திரண்டார்கள். நம்மை நாமே மலையகத்தார் என்று சொல்லிக்கொள்ளக் கற்றுத் தந்தவர்களில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெயரைப் பற்றி நாங்கள் நடத்திய சண்டையை அவர்கள் எங்களுக்கு முன்பே நடத்தி முடித்திருக்கிறார்கள்!

யாப்பை மூட்டைகட்டி வைத்துவிட்டு, விடுமுறையில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதமும் சிங்களமும் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்தோம். நீராவி எஞ்சின் காலத்தில், கடுகண்ணாவை மேடு ஏறுவதற்கு நம் ரம்புக்கனை நிலையத்தில் ரயிலுக்குப் பின்னால் இன்னோர் எஞ்சின் பூட்டுவார்கள் என்று தாத்தா சொல்லுவார். அந்தப் பின் எஞ்சின் வேலையைச் செய்யலாமென்று நினைத்தோம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, வெண்கட்டியும் கொப்பிகளும் வாங்கிக்கொண்டு நாலு பேர் புறப்பட்டோம்.

அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மிக அன்பாக வரவேற்றார்கள். பால்வெட்டு முடிந்து வந்த தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தலைவாரி அனுப்பினார்கள். முதல் நாளே முப்பது பிள்ளைகள். மாலையில் ஒரு பெரியவர் வீட்டிலே தேநீர். எங்கள் மூவருக்கும் வெள்ளித் தம்ளர் வந்தது. நாலாவது நண்பனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பை. அவன் தகப்பனாருடைய ஊரையும் பெயரையும் விசாரித்த பிறகு வந்த தேநீர் அது.

அவன் எங்கள் எல்லாரிலும் கணிதத்தில் வல்லவன். அன்று முழுவதும் அவன்தான் படிப்பித்தான். அவன் கோப்பையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், குடித்தான். நாங்களும் குடித்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வந்த இடத்திலே சண்டை எதற்கு, பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாட் காலையில் அவன் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான். சமபந்தி போசனத்தைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசியவன் நான்தான், பெரியோர்களே.

கல்லூரி திறந்ததும் அவன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "கோப்பை தந்தவர் வயதானவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நீங்கள் குடித்தீர்களே" என்றான். திரும்ப வந்து சேர அவனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. வந்தபோது ஒரே ஒரு விதி கேட்டான். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பாத்திரம் இல்லாத இடத்தில் சங்கத்தார் எவரும் தண்ணீரும் குடிப்பதில்லை, ஆனால் வகுப்பை நிறுத்துவதுமில்லை. மூன்று மாதம் உழைத்து எழுதிய யாப்பில் வேறெந்த விதியும் எனக்கு நினைவில்லை. இப்பொழுது நாங்கள் இருபத்துமூன்று பேர். யாழ்ப்பாணத்து நண்பனும் மட்டக்களப்பு நண்பனும் சேர்ந்துவிட்டார்கள். சிங்களம் சொல்லிக்கொடுக்கச் சிங்களத் தோழி ஒருத்தியும் வருகிறாள்.

அடுத்த விடுமுறையில் நம் தோட்டத்துக்கு வர விரும்புகிறோம். பத்து நாள் வகுப்பு. இந்த மண்டபத்தை மாலை நாலு மணி முதல் எட்டு மணி வரை தந்துதவும்படி பரிபாலன சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன். பெண் பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டிற் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அண்ணன்மார் இருவர் முன்வர வேண்டும்.

பத்தாம் நாள் கோயிலில் அன்னதானம் வைக்கலாமென்று தலைவர் ஐயா ஏற்கனவே சொல்லியிருக்கிறார். அன்று மேல் லயம், கீழ் லயம், தப்படிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். இதைக் கேட்பதற்கு எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. எதிரே என் தாத்தாவும் உட்கார்ந்திருக்கிறார். இலை வாங்கும் செலவு எங்களுடையது. அந்த நண்பனும் வருவான். கணிதம் அவன்தான் படிப்பிக்கப் போகிறான். பிள்ளைகளின் பெயர்களை இன்றைக்கே காரியதரிசி அண்ணனிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.